வரிசை எண் இருபத்திமூன்று

மாசி மாதம் நாகர்கோவிலிலிருந்து தபாலில் வந்தது.
ஏழு பக்கம், ஒரு வரைபடம்.
வரைபடத்தில் தாழைத்துறையை நெடுக வகிர்ந்து
ஒரு சிவப்புக் கோடு.
கோட்டுக்குக் கடல்பக்கம் நாற்பத்தொரு வீட்டுமனை.
பத்து வருடம், அல்லது அதற்கும் முன்.
மேல்மூலையில் சின்ன எழுத்தில்
அலுவலகப் பயன்பாட்டிற்கு மட்டும்.

"மந்தணப் பதிவேட்டில் ஏற்றவா சார்?" என்றேன்.
செயல் அலுவலர் தாணுமூர்த்தி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மந்தணம்னா எண் போடணும், அரக்கு வைக்கணும்,
யார் யார் பார்த்தாங்கன்னு கையெழுத்து வாங்கணும்,
என்றைக்காவது ஒருநாள் திறந்தும் காட்டணும்.
இது அது இல்லம்மா.
இது சும்மா…
வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான்."

என் மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன்.
பிஸ்கட் பொட்டலமும் ஊசிநூலும் கிடக்கிற இழுப்பறை.
பூட்டு கிடையாது.

இரகசியத்துக்குச் சட்டம் இருக்கிறது.
இதற்கு இருப்பது வழக்கம்.
சட்டத்தின் மேல் வழக்குப் போடலாம்,
வழக்கத்தின் மேல்?

பங்குப் பேரவைக்காரர்கள் மனுப் போட்டுக் கேட்டபோது
பதிலை நான்தான் தட்டினேன்.
"கோரப்படும் தகவல் தொகுக்கப்பட்டு வரும் நிலையில் உள்ளது."
நல்ல வாக்கியம்.
எந்தக் கடலும் அதை அரிக்காது.

ஜெர்மலின் வந்தது ஈஸ்டருக்கு மறுவாரம்.
குவைத்தில் பன்னிரண்டு வருடம்
யாருக்கோ சமைத்த பணம்
நீலத் தாளில் சுருண்டு அவள் கக்கத்தில் இருந்தது.
"பிள்ளே, இத ஒண்ணு பாரு. எனக்க வீடு."
கீழே இரண்டு அறை, மேலே ஒன்று.
வாசல் தெக்க, கடலப் பாத்து.
புல எண்ணை விரலால் தொட்டுப் படித்தேன்.
இருபத்திமூன்று.

மனை யாரிடம் வாங்கினது என்று கேட்டேன்.
"நம்ம கிளீட்டஸ் கான்ட்ராக்டருட்ட, பங்குனியில.
பாவம், மகளுக்க கல்யாணமாம்,
அவசரத்துல விலையக் குறைச்சுத் தந்தாரு."

கிளீட்டஸுக்கு மகள் கிடையாது.
வாரம் இரண்டுமுறை வருவார்,
டீ சொல்வார்,
தானே குனிந்து என் இழுப்பறையைத் திறந்து
பிஸ்கட் எடுத்துக்கொள்வார்.

ஆக, தாள் வெளியே போகவில்லை.
விலைதான் போயிருக்கிறது.

சொல்லியிருக்கலாம்.
ஒரே வாக்கியம், நாக்கு நுனி வரை வந்தது.
ஆனால் இது கருணை அடிப்படையில் கிடைத்த வேலை,
அவர் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி.
தக்கலையில் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.
வாயைத் திறக்காமல் பேனாவைத் திறந்தேன்.

"தீர்வை ரசீது நகல் தெளிவில்லை."

அடுத்த முறை, வில்லங்கச் சான்று
முப்பது வருடத்துக்கு வேண்டும் என்றேன்.
அதற்கும் அடுத்த முறை, பக்கத்து மனைக்காரரின் கையெழுத்து.
எந்த விதியிலும் இல்லாதது அது,
நானே உண்டாக்கினது.

பேருந்தில் என்னைப் பற்றி
என்ன சொல்லிக்கொண்டு போனாள் என்பது தெரியும்.
கண்டக்டரே வந்து என்னிடம் கேட்டார்.

நேற்று நாலாம் முறை.
உட்காரவில்லை.
ஐந்நூறு ரூபாய்த் தாளை மேசையில் அறைந்தாள்.
"இதுதானே வேணும் உனக்கு? எடுத்துக்க."
தட்டச்சு நின்றது. மின்விசிறி மட்டும் சுற்றியது.
தாணுமூர்த்தி கண்ணாடியை இறக்கிக்கொண்டு
ஏதோ கோப்பைப் படித்தார்.

நோட்டை அவள் பக்கமே தள்ளினேன்.
"ஆடி கழியட்டும், அப்புறம் வாங்க."
"எங்களுக்கு ஏதுட்டீ ஆடி" என்று
சுருளைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஆடியில் கடல் ஏறும்.
அவள் கல் இறக்கி வைத்திருக்கும் இடம் வரை,
போன வருடத்தைவிட நாலு முழம் கூடுதலாக.
அதுவே வந்து சொல்லிவிட்டுப் போகட்டும்.
அதன் மேல்மூலையில்
யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை.